தண்ணீர் டிரம்மின் கோலம்

மார்ச் 3, திங்கள்
கப்பலூர் பிளாஸ்டிக் கம்பெனியில் இன்று எனக்கு முதல் தனி வேலை கொடுத்தார்கள். தண்ணீர் டிரம். பழைய மரப்பீப்பாய் மாதிரி நடுவில் வயிறு, மேலும் கீழும் பட்டை. அந்த வயிற்றைச் சுற்றி வரும் அலங்காரத்தை நான் வரைய வேண்டும். "வாசல்ல வச்சா வீட்டுக்கே ஒரு களை வரணும்மா" என்றார் முதலாளி பாண்டியராஜன் சார். தலையாட்டினேன். அச்சு வெட்டக் கொடுத்துவிட்டால் பிறகு மாற்ற முடியாதாம்.

மார்ச் 6
பூ வரைந்தேன். மயில் வரைந்தேன். எல்லாமே கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது.

மார்ச் 7, வெள்ளி
மதியம் கை தானாக ஓடியது. புள்ளிகள், அவற்றை வளைத்துப் போகும் கோடு, ஓரிடத்தில் மட்டும் சேராமல் நின்றுவிடுகிறது. பக்கத்து மேசை அசோக்குமார் அண்ணன் எட்டிப் பார்த்தார். "ஒரு கோடு முட்டாம நிக்கிது பாரு, சேத்து விட்ருவமா?" வேண்டாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? சாருக்கு அப்படியே பிடித்துவிட்டது.

மார்ச் 9, ஞாயிறு
அம்மா சோறு போடும்போது கவனித்தேன். முழங்கைக்குக் கீழே பச்சை குத்திய கோலம். சின்ன வயதில் குத்தும்போது வலி தாங்காமல் கையை உருவிக்கொண்டாளாம், அந்த இடத்தில் கோடு சேராது. அதைத்தான் வரைந்திருக்கிறேன்! பார்க்கிறோம் என்று தெரியாமலே பார்த்துக்கொண்டிருந்தேனா, இத்தனை வருசமும்?

போனில் இருந்த படத்தைக் காட்டினேன். சந்தோசப்படுவாள் என்று நினைத்தேன். முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டாள். "இத யார்ட்டயும் காட்டாத" என்றாள். ஏற்கெனவே காட்டியாச்சே.

அசிங்கம்னு நினைக்கிறாளா? இல்ல, கேக்காம எடுத்தது கோவமா?

மார்ச் 10
அம்மா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டேதான் சோறு போட்டாள்.

மார்ச் 12, புதன்
பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அவளாகவே ஆரம்பித்தாள். முத்துத்தாய் அம்மா வீட்டில்தான் அவளுக்கு வேலை, மாட்டுக்கொட்டம் கூட்டுவது. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே.

"அங்க தண்ணிக் குடத்தத் தொட விடமாட்டாக. அவுகளே தூக்கி ஊத்துவாக, நான் கையேந்திக் குடிப்பேன். ஊத்துறப்ப அவுக கண்ணுக்கு நேரா இருக்குறது இந்தக் கைதான். இதையே டிரம்முல போட்டு அவுக வாசலுக்கு அனுப்புனா தெரியாமயா போகும்? எனக்கும் வேலை போகும், உனக்கும் போகும். மாத்திரு தாயி."

எனக்குத் தெரியாத விசயமா? தெரியும். ஆனால் டிரம்மையும் அதையும் சேர்த்து நான் நினைக்கவே இல்லை.

மார்ச் 13
சாரின் அறை வாசலில் நின்றேன். காரணம் கேட்டால் என்ன சொல்வது? நான் எந்தத் தெரு என்று இங்கே யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. "என்னம்மா?" என்றார். ஒண்ணுமில்ல சார்.

பயமா? இல்ல — மாத்த எனக்கே மனசில்லையா?

மார்ச் 14
அச்சு வெட்டக் கொடுத்துவிட்டார்கள். அம்மாவிடம் சொன்னேன். "சரி" என்றாள். அது என்ன சரி?

ஏப்ரல் 29
எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் டி. கல்லுப்பட்டி கடைகளுக்கு டிரம் வந்துவிட்டது. பஸ்ஸிலிருந்து பார்த்தேன். கடை வாசலில் வரிசையாக அம்மாவின் கை. சந்தோசமாக இருந்தது. உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மே 11, ஞாயிறு
முத்துத்தாய் அம்மா வீட்டில் இரண்டு வாங்கிவிட்டார்கள். அம்மா திரும்பி வந்ததும், வேலை போய்விட்டதா என்று கேட்டேன்.

"போகல. கூப்பிட்டுல்ல காமிச்சாக. கோலம் எம்புட்டு அழகா இருக்கு பாருடின்னாக. பக்கத்துல போயி நின்னேன். கைய மூடல, வேணும்னேதான் மூடல. அவுகளுக்குத் தெரியல. தொடாமப் பாருன்னாக."

சொல்லிவிட்டு அம்மா சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

சிரிப்பு அடங்கியதும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைலருந்து நான் அங்க போகல."