அம்மாவின் விரல்கள் பற்றி ஒரு திருத்தம்

சனிக்கிழமை, டிசம்பர் 27, பகல் ஒன்றரை மணி

அன்பு மகள் நொயேமிக்கு அப்பா எழுதுவது. நான் உடம்புக்குச் சுகமாகத்தான் இருக்கிறேன், ரத்த அழுத்த மாத்திரையை வேளை தவறாமல் போடுகிறேன், நீயும் டங்கனும் அந்த ஊர் வெயிலில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவைப் பற்றி அதே வரியை எழுத முடியவில்லை, ஆகவே உறுதியான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. இன்று காலை பத்தே கால் மணிக்கு நரம்பியல் பிரிவின் டாக்டர் மூராக்கா வார்டு வாசலில் என்னிடம் நேரில் சொன்னது இது: அம்மாவின் இடது கை விரல்கள் போர்வையைக் கிள்ளுவது தேறி வருவதற்கான அடையாளம் அல்ல. மூளை மிகவும் களைத்துப்போன நோயாளிகளிடம், பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில், அவர்கள் அடிக்கடி பார்க்கிற ஒன்று அது. நெஞ்சுச் சளியும் காய்ச்சலும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து குறையவில்லை. விழுங்கும் சோதனை இரண்டாவது முறையும் தோல்வி. அதனால் நேற்று மாலை ரென்சா அத்தை, அம்மா தேறுகிறாள் என்று உனக்குப் போனில் சொன்னது தவறு, பக்கத்தில் நின்றுகொண்டு அதை மறுக்காமல் இருந்தது என் தவறு. அதை நம்பித்தான் நீ திங்கட்கிழமை விமானத்தை ரத்து செய்துவிட்டு ஈஸ்டருக்கு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். இந்தக் கடிதம் அதைத் திருத்துவதற்கு. போனில் சொன்னால் நீயும் அழுவாய், நானும் அழுவேன், சொல்ல வேண்டியது சொல்லாமலே போய்விடும், அதனால் கணினியில் தட்டுகிறேன், பொறுமையாகப் படி.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். அம்மா பக்கவாதம் வந்து விழுந்தது ஒன்பதாம் தேதி என்பது உனக்குத் தெரியும். அதற்கு முன், செப்டம்பரிலேயே, வழக்கம்போல கார்லினிடம் ஒரு காயடித்த சேவலுக்குச் சொல்லி வைத்திருந்தாள். எனக்கு அது மறந்தே போயிருந்தது. இருபத்திரண்டாம் தேதி காலை கார்லின் அதை உரித்துத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து நின்றான், மூன்று கிலோ இருநூறு. வேண்டாம் கார்லின், வீட்டில் யார் இருக்கிறார்கள் சாப்பிட என்றேன். "அண்ணி சொல்லி வச்சது அண்ணே. நாலு மாசம் மக்காச்சோளமும் பாலும் போட்டு அவங்க பேர்லயே வளத்தேன். இதை நான் வேற யாருக்குக் குடுக்க? நாளைக்கு எழுந்து வந்து எங்கடா என் சேவல்னு நின்னாங்கன்னா நான் எந்தப் பக்கம் ஓடறது?" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான், ஆனால் வீட்டுக்குள் வரவில்லை, வாசலிலேயே திரும்பிப் போய்விட்டான். கிறிஸ்துமஸ் அன்று அத்தை வந்து அதை ரோஸ்மேரி போட்டு ரோஸ்ட் செய்தாள். இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு காலும் நெஞ்சில் ஒரு துண்டும் சாப்பிட்டோம், தொலைக்காட்சியில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். எலும்பு நீக்கி மிச்சத்தை எடை போட்டேன், ஒரு கிலோவுக்கு ஐம்பது கிராம் குறைவு.

நம் வீட்டில் அந்தச் சேவல் உண்மையில் இருபத்தைந்துக்கு அல்ல, இருபத்தாறுக்கு என்பது உனக்கு நினைவிருக்கும். இரண்டாவது துண்டுக்குக் கை நீட்டினால் அம்மா முள்கரண்டியாலேயே தட்டிவிடுவாள், நாளைக்குப் பிளினுக்கு மிச்சம் வேண்டும் என்று. ஐம்பத்தொரு வருடமாக, கறியை மாவுக்குள் அடைத்துக் கிள்ளி எடுக்கும் அந்தப் பிளினைத் தின்றிருக்கிறேன், கைமா இயந்திரத்தின் பிடியைச் சுற்றியிருக்கிறேன், அதற்குமேல் ஒன்றும் செய்ததில்லை, செய்தித்தாளை விரித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். இந்தத் தடவை அத்தை விடவில்லை. நேற்று காலை ஏழரைக்கே வந்து, கறியை அப்படியே குளிர்பெட்டியில் போட்டு மூடினால் அது உன் அம்மா டெல்ஃபீனா செத்துப்போனதாக ஒப்புக்கொண்ட மாதிரி என்று சொல்லிவிட்டு ஏப்ரனை என் கழுத்தில் மாட்டினாள். எழுநூறு கிராம் மாவு, பதினைந்து மஞ்சள் கரு. பூரணத்துக்கு அத்தை வேகவைத்த அரிசி சேர்க்க வேண்டும் என்றாள், இல்லை, டெல்ஃபீனா முட்டைக்கோஸ்தான் போடுவாள், தட்டில் தங்கிய ரோஸ்ட் சாற்றையும் ஊற்றுவாள் என்றேன். எவ்வளவு சாறு என்று கேட்டாள். தெரியவில்லை. ஜாதிக்காய் எவ்வளவு, உப்பு எவ்வளவு, சீஸ் கறிக்கு முன்னாலா பின்னாலா, எதுவும் தெரியவில்லை. "நாப்பத்தோரு வருஷம் ஊர்ல இருக்கிற மேயர், பாதிரி, போலீஸ்காரன் எல்லாரையும் நோட்டும் கையுமா கேள்வி கேட்டுத் திரிஞ்சியே. ஒரு தடவையாவது உன் பெண்டாட்டியை, இதுல எவ்வளவு உப்புன்னு கேட்டியாடா?" என்றாள். நான் இயந்திரத்தைச் சுற்றினேன்.

மாவைத் தாள் போல உருட்டி, பூரணத்தைக் கடலை அளவில் வரிசையாக வைத்து, மேலே மடித்து, இடையிடையே கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துக் கிள்ளிக்கொண்டே போக வேண்டும், பிறகு சக்கரக் கத்தியால் வெட்ட வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. நான் கிள்ளியது பாதி வாய் பிளந்தது, அத்தை கிள்ளியது தடித்துக் கட்டியானது. "இது பிளின் இல்லடா, கோட்டுப் பொத்தான்" என்று தன்னுடையதைப் பார்த்துத் தானே சொல்லிச் சிரித்தாள், இந்த மாதத்தில் நம் வீட்டில் கேட்ட ஒரே சிரிப்பு அது. நானூற்றுப் பதினெட்டு வந்தது, ஐந்து மணி நேரம் ஆயிற்று. அம்மா பூசைக்கும் போய்வந்து பதினொரு மணிக்குள் இதைவிட அதிகம் முடித்திருப்பாள். அவள் செய்வது போலவே வெந்ததும் வடித்து, வெண்ணெய் சாஸ் எதுவும் இல்லாமல், வெள்ளைத் துணியில் கொட்டி மூடி வைத்துக் கையால் எடுத்துத் தின்றோம். ருசி மோசமில்லை. அவளுடையது போல இல்லை. எதில் குறை என்று சொல்லத் தெரியவில்லை, கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இனி வழியில்லை.

இருபதை மட்டும் துணியில் முடிந்து கம்பளித் தொப்பிக்குள் வைத்து மருத்துவமனைக்கு எடுத்துப் போனோம். வாய்வழியாக ஒரு துளியும் கூடாது என்பது எனக்குத் தெரியும், அத்தைக்கும் தெரியும். "மோந்து பாக்கக் கூடாதுன்னு எந்த டாக்டரும் சொல்லலையே" என்றாள். நாலு பத்துக்கு அத்தை வழக்கம்போல அம்மாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், பிறகு முடிச்சை அவிழ்க்க வேண்டும் என்பதால் கையை விட்டாள், துணியை அம்மாவின் மூக்குக்குப் பக்கத்தில் விரித்தாள். ஆவி இன்னும் கொஞ்சம் இருந்தது. கண் பாதி மூடியபடிதான் இருந்தது, முகத்தில் எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கை போர்வையின் ஓரத்தைப் பிடித்துக் கிள்ளத் தொடங்கியது. கட்டை விரல், ஆள்காட்டி விரல், ஒரு கிள்ளு, கொஞ்சம் நகர்ந்து இன்னொரு கிள்ளு, ஓரத்தோடே. அத்தை வீரிட்டுவிட்டாள், "டேய் பாருடா, பிளின் பண்றாடா, மோந்துட்டா, அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு!" பக்கத்துக் கட்டிலில் இருக்கும் கிழவியின் மகள் எழுந்து வந்து பார்த்தாள், "எங்கம்மாவும் பிளினை இதே மாதிரிதான் கிள்ளுவாங்க, கொஞ்சம் சாய்ச்சு" என்றாள். தரை துடைக்கிற அம்மாள் பக்கத்து ஊர்க்காரி, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன், நிமிடத்துக்கு இருபத்திரண்டு கிள்ளு, அதை நோட்டில் எழுதிக்கொண்டேன். இன்னொருவரிடம் கேட்டு உறுதி செய்யாமல் ஒரு வரியும் அச்சுக்கு அனுப்பாதவன் நான். அத்தை தாழ்வாரத்தில் நின்று உன் எண்ணைப் போட்டபோது தடுக்கவில்லை. தடுக்க மனம் வரவில்லை, நொயேமி. நேற்று நாலு பத்திலிருந்து இன்று காலை பத்தே கால் வரை நானும் நம்பினேன்.

இன்று காலை அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினேன். முழுவதும் கேட்டுக்கொண்டார், குறுக்கே பேசவில்லை. பிறகு உள்ளே கூட்டிப்போய் அம்மாவின் கட்டில் தாள்களைத் திறந்து காட்டினார். இருபத்து மூன்றாம் தேதி காலை ஆறு மணி, நர்சின் கையெழுத்தில்: இடது கை, போர்வையை விடாமல் கிள்ளுகிறார். இருபத்து நாலிலும் அதுவே. இருபத்தைந்திலும் அதுவே. பிளின் போனது இருபத்தாறில். நாங்கள் எப்படிப் பார்க்காமல் இருந்தோம் என்று கேட்காதே, நானே என்னைக் கேட்டு விடை கண்டுவிட்டேன்: பார்வை நேரம் முழுக்க அந்தக் கை அத்தையின் கைக்குள்ளேயே இருந்தது, நேற்று முடிச்சை அவிழ்க்கத்தான் முதல் தடவையாக விட்டாள். டாக்டர் கலாப்ரியாக்காரி, தெற்குப் பக்கம், நம் மலையில் வளர்ந்தவர் அல்ல. "உங்க ஊர்க்காரங்களுக்கு அது சமையலாத் தெரியுது. எங்க ஊர்ல இருந்தா, ஜெபமாலை உருட்டறாங்கன்னு தெருவே கூடியிருக்கும். ரெண்டும் இல்லைங்க" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. எவ்வளவு நாள் என்று கேட்டேன், தேதி சொல்ல மறுத்தார், மாதக் கணக்கில் யோசிக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னார். மகள் வந்தால் அடையாளம் தெரியுமா என்று கேட்டேன். "எதிர்பார்த்து வரச் சொல்லாதீங்க" என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன், கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை.

அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை. காலையிலேயே கார்லினிடம் இன்னொரு சேவல் கேட்டிருக்கிறாள், புத்தாண்டுக்கு மறுபடி செய்ய வேண்டுமாம், இந்தத் தடவை மெல்லிசாக உருட்டுவாளாம். மூன்றே காலுக்குக் காரில் அவளை ஏற்றிக்கொள்ளும்போது சொல்லிவிடுவேன். நீ அவளைப் போனில் திட்டாதே, எண்பத்தொரு வயதில் அவள் இந்தப் பதினெட்டு நாளும் ஒரு நாள் தவறாமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். நீ வருவதானால் கனமான கோட்டு கொண்டு வா, இங்கே காலையில் பூஜ்யத்துக்கு நாலு கீழே, நீ விட்டுப்போன பழைய கோட்டைப் பூச்சி அரித்துவிட்டது. கடவுச்சீட்டின் தேதியை ஒரு தடவை பார்த்துக்கொள். டங்கன் கூட வர முடியாவிட்டால் மனத்தில் வைத்துக்கொள்ளாதே, சுரங்கத்தில் லீவு கிடைப்பது கடினம் என்பது எனக்குப் புரியும். வழியில் ஏதாவது சாப்பிடு. கடவுள் உங்கள் இருவரையும் காக்கட்டும், அம்மாவும் நானும் உனக்குத் தர வேண்டிய ஆசியை இரண்டு பங்காக நானே தருகிறேன்.

என்னிடம் வரவா வேண்டாமா என்று கேட்டிருந்தாய். வா. சோதனை முடிவு, அடுத்த தகவல், எதற்கும் காத்திருக்காதே. தெரியாமல் இருப்பவை இரண்டு. ஒன்று, வயிற்றில் துளையிட்டு உணவுக் குழாய் வைப்பதா, அல்லது வலி தெரியாமல் மட்டும் பார்த்துக்கொண்டு விட்டுவிடுவதா என்பதை டாக்டர்கள் செவ்வாய், முப்பதாம் தேதி, பிற்பகல் மூன்று மணிக்கு நம்மோடு உட்கார்ந்து முடிவு செய்வார்கள், கையெழுத்து நாம் போட வேண்டும், உன்னைக் கேட்காமல் நான் போட மாட்டேன். இரண்டாவது, நீ அதற்குள் வந்து சேர்வாயா என்பது. திங்கட்கிழமை விமானம் செவ்வாய்ப் பகலில் தொரினோவில் இறங்கும், அந்த இருக்கையைத் திரும்பப் பெற உனக்கு நாளை ஞாயிறு உங்கள் ஊர் மாலை ஐந்து மணி வரை நேரம் இருக்கிறது என்று நீயே எழுதியிருந்தாய், இங்கே அப்போது காலை பத்து. அது வரை உன் பதிலுக்குக் காத்திருப்பேன்.

உன் அப்பா,
எர்மானோ