பெல்கிரேட் மேடையேறும் உங்கள் பாட்டுக்காக

என் அன்பு அண்ணைக்கு,

இன்று பின்னேரம் உங்கள் மகள் தாரா பெல்கிரேட்டில் உங்கள் பாட்டைப் பாடப் போகிறாள். அவளும் மிலேனா அண்ணியும் வியாழக்கிழமையே விமானமேறிவிட்டார்கள். பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற சாட்டில் நான் செவன் கிங்ஸில் உங்கள் வீட்டுக்கு வந்து, குசினி மேசையிலிருந்து இதை எழுதுகிறேன். எழுதாமல் இருந்தால் யாரையாவது பிடித்து ஏசிவிடுவேன்.

ஐரோப்பிய நாடுகள் ஆளுக்கொரு பாட்டு அனுப்பும் போட்டி, வருடாவருடம் சோபாவில் சாய்ந்துகொண்டு எல்லா நாட்டுக்கும் நீங்களே புள்ளி போடுவீர்களே, அதற்குத்தான். சேர்பியா எந்தப் பாட்டை அனுப்புவது என்று தீர்மானிக்கும் கடைசிச் சுற்று இன்று. சூரிச் உணவகக் குசினியில் கோப்பை கழுவியபடி நீங்கள் முணுமுணுத்த மெட்டு அங்கே போய் நிற்கிறது. பக்கத்தில் நின்று சலாட் வெட்டிய பெட்டை, எங்கள் அண்ணி, அதற்குத் தன் சேர்பிய மொழியில் வரிகள் எழுதி, பிறகு உங்களையும் கட்டிக்கொண்டாள். நீங்கள் இருந்திருந்தால் இன்று எங்களை ஒரு நிமிடம் சும்மா இருக்க விட்டிருப்பீர்களா?

ஆனால் இந்தப் பாட்டு மேடைவரை போகுமா என்று போன கிழமை வரைக்கும் எங்களுக்குத் தெரியாது. அந்தக் கதையை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

எல்லாம் உங்கள் மச்சான், என் மனிசன் சிவத்தால் வந்தது. கலியாணவீடு, சாமத்தியவீடு என்று கமெராவோடு அலைகிற மனிதர், உங்கள் செத்தவீட்டையும் கனடாவில் இருக்கிறவர்கள் பார்க்கவேண்டுமென்று நேரலையாகக் காட்டினார். முப்பத்தோராம் நாளுக்கு ஒரு நினைவு வீடியோவும் செய்தார். உங்கள் படங்கள் ஒவ்வொன்றாக வர, பின்னால் நீங்கள் பாடுகிறீர்கள். உங்கள் கலியாண ஆண்டு நிறைவன்று இதே குசினியில் அண்ணி தன் போனில் பிடித்த குரல் அது. அதை இணையத்தில் எல்லாரும் பார்க்கிற மாதிரிப் போட்டார். பார்த்துப் பார்த்து அழுதோம். எங்கள் சனத்துக்குத் துக்கத்துக்கும் ஒரு வீடியோ வேண்டும்தானே, அதில் பிழையாக ஒன்றும் எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

பாட்டைப் போட்டிக்கு அனுப்பும் எண்ணம் தாராவுக்கு அதற்குப் பிறகுதான் வந்தது. குறித்த ஒரு நாளுக்கு முன்னர் பொதுவெளியில் வந்த பாட்டுச் செல்லாது என்று அந்தப் போட்டியில் ஒரு விதி. தாரா அதை வாசித்திருக்கிறாள். செத்தவீட்டு வீடியோவை ஒரு பாட்டு வெளியீடு என்று யார் நினைப்பார்கள்?

கடைசிச் சுற்றுக்கு அவள் தெரிவானதும் எங்கள் ஆட்களுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. பாரிஸ், சிட்னி, டொராண்டோ என்று ஆளாளுக்கு உங்கள் வீடியோவை எடுத்துத் தங்கள் பக்கங்களில் போட்டார்கள். "தகப்பன் பாடினதையும் கேளுங்கோ" என்று போட்டி நடத்துகிறவர்களின் பக்கத்துக்குக் கீழேயே ஒருவர் கொண்டுபோய் ஒட்டிவிட்டார். பெருமையில் செய்தது. யாரோ முன்பின் தெரியாத ஆள் அதைக் கண்டு, இந்தப் பாட்டுப் பழைய பாட்டு, இதை விலக்குங்கள் என்று முறைப்பாடு அனுப்பிவிட்டது.

அன்றைக்கு எல்லாரும் உங்கள் வீட்டில் கூடினோம். சத்தம் போடாமல் வீடியோவை அழித்துவிட்டு, கேட்டால் ஒன்றும் தெரியாது என்று சொல்வோம் என்றார் இவர். எனக்கும் அதுதான் புத்தியாகப் பட்டது. அண்ணி கறுப்புச் சட்டையோடு கதிரை நுனியில் இருந்தார். அண்ணியின் சனத்துக்கும் எங்களைப்போல ஒரு வருடத் துக்கம் இருக்கிறது, அதற்குள் மேடையா என்ற நெஞ்சிடி அவருக்கு ஏற்கெனவே இருந்தது. தாராதான் எழும்பினாள். ஆங்கிலத்தில் பொரிகிற பிள்ளை, அன்றைக்குத் தமிழில் சொன்னாள்.

"அப்பாவை ஒளிச்சு வைச்சிட்டு அப்பாவின்ர பாட்டைப் பாட எனக்கு ஏலாது மாமி."

அவளே போட்டிக்காரருக்கு எழுதினாள். வீடியோ எது, எதற்குச் செய்தது, யாருடைய குரல், எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதினாள். பதில் வரும்வரை எங்கள் வீட்டில் சோறு இறங்கவில்லை. ஆர்ச்வே கோயில் முருகனிடம் போய்த் தாராவின் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். ஐயர் எதற்கு என்று கேட்டார், பாட்டுக்கு என்றேன். சங்கீதப் பரீட்சையாக்கும் என்று நினைத்திருப்பார்.

பதில் வந்தது. அது நினைவஞ்சலி என்பதை ஏற்றுக்கொள்கிறோம், ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் எல்லாப் பிரதிகளும் பொதுவெளியிலிருந்து போகவேண்டும், ஒன்று மிஞ்சினாலும் பாட்டு விலக்கப்படும் என்று எழுதியிருந்தார்கள். எங்கள் சொந்தக்காரர்களைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்? நான் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் போனோடு குந்தினேன். கெஞ்சினேன், ஏசினேன், இரண்டு பேரோடு இனிக் கதையில்லை என்றும் சொல்லிவிட்டேன். ஒவ்வொன்றாகப் போயின. இவர் தன்னுடையதை எடுக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார், நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

கடைசியாக ஒன்று மிஞ்சியது. யாருடையது என்று நினைக்கிறீர்கள்? டொராண்டோவில் குஞ்சியம்மாவுடையது.

அம்மா போன பிறகு எங்கள் இரண்டு பேரையும் தூக்கி வளர்த்த சின்னம்மா, உங்கள் கலியாணத்துக்கு வராத சின்னம்மா. வெள்ளைக்காரியைக் கட்டினவன் என்று அவருக்கு உங்களில் இருந்த கோபம் தாரா பிறந்ததும் போய்விட்டது. அண்ணியில் இருந்தது போகவில்லை. இத்தனை வருடமும் போனில் உங்களை விசாரிப்பார், பேத்தியை விசாரிப்பார், அண்ணியின் பெயர் மட்டும் அவர் வாயில் வராது. "தாரான்ர தாய்" என்பார். உங்களுக்கு அது எவ்வளவு நொந்தது என்று எனக்குத் தெரியும். என்னோடு வான் வண்டியில் வரும்போது ஒருநாள், மிலேனாவை ஒரு தரம் மருமகள் என்று சொன்னால் போதும் என்று சொன்னீர்களே.

குஞ்சியம்மா அசையமாட்டேன் என்றுவிட்டார். காலையில் சாமிக்கு விளக்கு வைத்துவிட்டு உங்கள் வீடியோவைப் பார்த்த பிறகுதான் தேத்தண்ணி குடிப்பாராம். எடுக்காமல், மற்றவர்கள் பார்க்காதபடி மூடி வைத்தால் போதும் என்று விளங்கப்படுத்தினேன். அவர் கேட்கிற நிலையில் இல்லை.

"என்ர பிள்ளையின்ர குரலை நான் ஏன் மூடவேணும்? பாட்டுப் போனால் போகட்டும்."

வெள்ளிக்கிழமை பின்னேரமாகிவிட்டது. நான் போனைப் பிடித்துக்கொண்டு இந்தக் குசினியில் நிற்கிறேன், ஸ்பீக்கரில் எல்லாம் கேட்கிறது. தாரா சுவரோடு சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அப்போது அண்ணி கையை நீட்டிப் போனைக் கேட்டார். எனக்குப் பகீரென்றது. இரண்டு பேரும் ஒருநாளும் பேசியதில்லை. அண்ணியின் தமிழ் உங்களிடம் படித்த தமிழ், பாதி சமையல், பாதி சரசம். என்ன நடக்கப் போகிறதோ என்று நான் இவரைப் பார்த்தேன், இவர் நிலத்தைப் பார்த்தார்.

அண்ணி தன்னை யாரென்று சொல்லவில்லை. பாட்டு மூடுவதைப் பற்றியும் கேட்கவில்லை. "அவர் என்ன பாடுறார் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டார்.

குஞ்சியம்மாவுக்கு அது தினமும் காலையில் கேட்கிற பாட்டு, ஒரு சொல் விளங்காது. அவர் மெல்ல, "தெரியாது, சொல்லும்" என்றார்.

அண்ணி சொன்னார். சொல் தேடித் தேடி, தப்பும் தவறுமாகச் சொன்னார். ஆறு உறைந்து கிடக்கிறது, நடந்தே வா. வீட்டுக்காரர் தேடினால் தேடட்டும், காலடியைப் பனி மூடிவிடும். வெயில் வந்து பனி உருகினால் திரும்பிப் போக வழி இருக்காது, அதை யோசித்துவிட்டு வா. அதற்குப் பிறகு அண்ணியாகவே ஒன்று சேர்த்துச் சொன்னார். "அவர் யோசிச்சார் குஞ்சியம்மா. கனக்க அழுதார். உங்களை நினைச்சு அழுதார். பிறகுதான் வந்தவர்."

அண்ணை, நீங்கள் அழுதது எனக்குத் தெரியாது. என்னிடம் ஏன் சொல்லவில்லை?

அந்தப் பக்கம் குஞ்சியம்மா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"மிலேனா," என்றார். "இதை எப்பிடி மூடுறது எண்டு எனக்குத் தெரியாது. நீ சொல்லித் தா, மருமகள்."

எந்த இடத்தில் அழுத்துவது என்று அண்ணி சொல்லச் சொல்ல, குஞ்சியம்மா கண்ணாடியைத் தேடி, பிழையான இடத்தில் அழுத்தி, மறுபடி அழுத்தி, மூடி முடித்தார்கள். தாரா மாடிக்கு ஓடிவிட்டாள். நான் குழாயைத் திறந்துவிட்டு, கழுவிய கோப்பைகளையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன். அன்றிரவே போட்டிக்காரரிடமிருந்து பாடலாம் என்று அறிவிப்பு வந்தது. ஆனால் எனக்கு மனதில் நிற்பது அந்த ஒரு சொல்தான். நீங்கள் ஆசைப்பட்டுக் காத்திருந்தது நீங்கள் போன பிறகு வந்து சேர்ந்திருக்கிறது. அதை நினைத்து நான் சந்தோசப்படுவதா, உங்களோடு கோபப்படுவதா?

இப்போது தாரா முகத்துக்குப் பூசிக்கொண்டிருப்பாள். முதல் வரியில் மூச்சு எடுக்கிற இடத்தில் அவளுக்கு எப்போதும் தடுக்கும், அதுதான் என் பயம். வெல்லுவாளோ தெரியாது. நல்ல பாட்டுகள் வேறும் இருக்கின்றன, பொய் சொல்லமாட்டேன்.

ஒன்று மட்டும் உங்களுக்கு வாக்குத் தருகிறேன். கோடையில் உங்கள் ஆண்டுத்திவசத்துக்குக் குஞ்சியம்மா வருகிறார், என் வீட்டுக்கல்ல, அண்ணியின் வீட்டுக்கு. அவர்கள் இரண்டு பேரும் இந்த மேசையில் இருந்து உங்களைப் பற்றிப் பேசுவார்கள், சொல் முட்டுப்படும், என்னைப் பார்ப்பார்கள். எனக்கு எவ்வளவு வாய் துடித்தாலும், அண்ணை, நான் நடுவில் பேசமாட்டேன்.

உங்கள் வாய் ஓயாத தங்கச்சி,
கலா