படப்பக்கம் கீழே

வோபர்ன், ஸ்காபரோ
பெப்ரவரி 18

அன்புள்ள மகள் நிரோஷினிக்கு,

நான் சுகம், நீ சுகமா என்றுதான் தொடங்குவேன். முதல் பாதியை இன்று எழுதவில்லை. நீயும் மருமகனும் பேர்த்தில் நலமாக இருக்க ஆண்டவர் துணை நிற்கட்டும். அங்கே நாற்பது பாகை வெயில் என்று செய்தியில் பார்த்தேன், தண்ணீர் நிறையக் குடி, மத்தியானத்தில் வெளியே திரியாதே. இங்கே மூன்று கிழமையாக ஸ்னோ. பஸ் தரிப்பில் குவித்தது என் தோளுக்கு மேலே நிற்கிறது. பிரஷர் குளிசை ஒழுங்காகப் போடுகிறேன். பனர் அச்சடிக்கும் கடைக்கு ஒன்பது நாளாகப் போகவில்லை. முதலாளி இராஜரட்ணம் அண்ணை இரண்டு தரம் போன் எடுத்து, பனர் எல்லாம் தேங்கிக் கிடக்குது, நீ என்ன குளிருக்குப் பயந்து படுத்திட்டியோ என்று கேட்டார். காய்ச்சல் என்றேன். காய்ச்சல் இல்லை. ஞாயிறு நீயும் கேட்டாய், ஏனப்பா குரல் ஒரு மாதிரிக் கிடக்கு என்று. போனில் சொல்ல வரவில்லை. எழுதினால் நீ இடையில் அழமாட்டாய், நானும் நிறுத்தமாட்டேன்.

உன்னோடு படித்த செரீனாவின் மகள் ஜெசிகா. எங்கள் மாடியில் நாலு கதவு தள்ளி. ஒன்பது வயது. போன மாதம் பில்டிங் பிள்ளைகள் பின்பக்க மேட்டில் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். அட்டைப் பெட்டி, அரிசிச் சாக்கு, உடுப்புக் கூடையின் மூடி, ஒருவன் கேக் தட்டில். அட்டை இரண்டு தரத்தில் ஊறிக் கிழிந்துவிடும். எங்கள் கடையில் பிழையாக அச்சான பனர்கள் குப்பைக்குத்தான் போகின்றன. திகதி மாறிய கல்யாணம், பெரியபிள்ளையான பெட்டையின் பெயரில் எழுத்து விட்ட சாமத்திய வீடு. கொண்டுவந்தேன். ஆள் நீளத்துக்கு வெட்டி முன்பக்கத்தை மரச்சட்டத்தில் சுற்றிக் கயிறு கட்டினால் சறுக்குப் பலகை. படம் மேலே. முதுகுப்பக்கம் ஸ்னோவில். அந்தப் பக்கம் நெசவு மாதிரிச் சொரசொரப்பு, இழுத்துப் பிடிக்கும். மேட்டின் அடியில் கம்பி வேலி, அதற்கு அப்பால் கார்கள். வேலிக்கு இருபது அடி முன்னாலேயே எல்லாப் பிள்ளையும் நின்றுவிடும். நின்று பார்த்துத்தான் கொடுத்தேன். படத்து மாப்பிள்ளையின் நெஞ்சில் குந்திக்கொண்டு கீழே போனார்கள். நானும் சிரித்தேன். உன் அம்மா போன பிறகு நான் சிரித்தது அந்தக் கிழமைகளில்தான், மகள்.

போன சனிக்கு முதல் சனி, பின்னேரம். ஜெசிகா கதவைத் தட்டினாள். அவளுடையதை யாரோ எடுத்துவிட்டார்களாம். மிஞ்சிக் கிடந்த, மணப்பெண் படம் போட்ட கல்யாணப் பனரைக் காட்டினேன். வேணாம் தாத்தா, இந்த பிரைட் என்னை முறைக்கிறா என்றாள். வேறு இல்லை. அலுமாரிக்குப் பின்னால் அம்மா இறந்த முதலாம் ஆண்டுப் பூசைக்கு மாதா கோயில் வாசலில் வைத்த பனர் இருந்தது. நான் அச்சடித்தது. தொங்கவிடவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை. பிள்ளை கையுறையோடு நிற்கிறாள். அம்மா இருந்தால் கொடு என்றுதான் சொல்லியிருப்பா. ஆள் உயரம்தான், வெட்டத் தேவை இல்லை. சட்டத்தைக் கட்டினேன். படத்தை மேலே வைத்தால் பிள்ளை அம்மாவின் முகத்தில் குந்தும். ஊரார் முகங்களில் குந்தியபோது எனக்கு ஒன்றும் செய்யவில்லை. இது முடியவில்லை. திருப்பினேன். படப்பக்கம் கீழே. படப்பக்கம் வழுவழுப்பு. பன்னிரண்டு வருடம் பனர்க் கடையில் நிற்பவன், எந்தப் பக்கம் வழுக்கும் என்று தெரியாதவன் அல்ல. அந்த நேரம் முகத்தை மட்டும்தான் நினைத்தேன். மேட்டின் மேலே நின்று கயிற்றை அவள் கையில் கொடுத்தேன். தள்ளியும் விட்டேன்.

அவள் நிற்கவில்லை.

முதுகெலும்பு. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. நடப்பாள் என்று டொக்டர்மார் சொல்லவில்லை, நடக்கமாட்டாள் என்றும் சொல்லவில்லை. இனி எழுதுவதுதான் உனக்கு நான் எழுத வந்தது. அம்புலன்ஸ் வரமுதல் எல்லோரும் பிள்ளையைச் சுற்றி நின்றபோது பனரை வேலியிலிருந்து இழுத்து எடுத்தேன். சட்டத்தை உருவிவிட்டு, சுருட்டி ஜக்கெட்டுக்குள் வைத்து மேலே கொண்டுபோனேன். குளிக்கும் தொட்டியில் கழுவினேன். பொலிஸ் கேட்டபோது ஏதோ பிளாஸ்டிக் துண்டு, எங்கே எடுத்தாளோ தெரியாது என்றேன். சின்னப் பிள்ளைகளை யாரும் கேட்கவில்லை. லிஃப்டில் இரண்டு பேர் கதைத்துக்கொண்டு வந்தார்கள், பிள்ளையை ஸ்னோவுக்குள்ள விட்டிட்டுத் தாய் குறட்டை விட்டவவாம் என்று. செரீனா முதியோர் இல்லத்தில் இரவு வேலை செய்பவள், பகலில்தான் படுக்கவேண்டும் என்று நான் சொல்லியிருக்கலாம். மாடி இலக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்கு இடியப்பம் கொண்டுபோனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, அங்கிள், நான் நித்திரை கொள்ளாமல் ஜன்னலடியில நிண்டிருந்தா இது நடந்திராது என்ன, என்று கேட்டாள். நான் ஓம் என்றேன். மகள், ஓம் என்றேன். அவள் தலையாட்டினாள். யாரோ ஒருவர் உண்மையைச் சொன்னது மாதிரி.

அன்றிலிருந்து அவள் படுக்கவில்லையாம். தாதிமார் கட்டாயப்படுத்தினாலும் கதிரையில் கண்ணைத் திறந்துகொண்டு இருக்கிறாளாம். இனி நித்திரையே கொள்ளமாட்டன் என்று பாதரிடம் சொன்னாளாம். என் ஒரு சொல்.

இப்போது இரண்டரை. மூன்று மணிக்கு உடுப்பு மாற்ற வீட்டுக்கு வருவாள். இதை ஒட்டிவிட்டு அவள் கதவைத் தட்டப் போகிறேன். பனரையும் கொண்டுபோகிறேன், அவள் என்ன செய்யச் சொன்னாலும் செய்வேன். பொலிசுக்கும் அவளே போன் எடுக்கட்டும், அல்லது நான் எடுக்கிறேன். எனக்கு என்ன நடக்கும் என்று தெரியாது. நீ டிக்கெட் போடாதே. வேலையை விடாதே.

தேவமாதா உன்னையும் மருமகனையும் தன் முந்தானைக்குள் வைத்துக்கொள்ளட்டும். இரவில் செபம் சொல்லும்போது ஜெசிகாவின் பெயரை முதலில் சொல், என் பெயர் வேண்டாம்.

ஒன்று மறக்காதே. இது உன் கைக்கு வர இரண்டு கிழமையாகும். அதற்குள் செரீனா உனக்குப் போன் எடுத்திருப்பாள். எங்கட அப்பா அப்படிச் செய்யமாட்டார் என்று நீ சொல்லியிருப்பாய். அவளுக்குத் திரும்ப எடுத்து, செய்தவர்தான் என்று சொல்.

உன் அப்பா,
றொபேட்