மேனேஜருக்கு ஓர் எல்லை

மார்ச் 4, செவ்வாய்

கழுத்துப்பட்டை வந்துவிட்டது. தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புக் கருவி. நாய் எங்கே நிற்கிறது என்று செயற்கைக்கோளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுமாம். கைபேசி வரைபடத்தில் நாம் கோடு வரைந்தால் போதும். கோட்டை நெருங்கினால் பீப், மேலும் போனால் அதிர்வு, தாண்டினால் சின்னதாக ஒரு ஷாக்.

எங்கள் குடும்பத்துக்கென்றே யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். அப்பா போனபின் மனையைப் பிரித்து ஏழு வருடம். எனக்கும் பக்கத்து வீட்டில் இருக்கும் என் சொந்த அக்காவுக்கும் நடுவே இன்னும் சுவர் இல்லை. நான்கு கல், ஒரு வரிசைப் புதர், அவ்வளவுதான். சுவர் எழுப்பினால் அளந்தவன் போட்ட கோட்டை ஒப்புக்கொண்டதாகிவிடும். அது என் பக்கம் இரண்டடி தள்ளி வந்திருக்கிறது என்று அன்றே சொன்னேன். யார் கேட்டார்கள்?

“ஏன், நாயக் கட்டிப் போட்டா ஆகாதா?” என்றாள் மனைவி.

கட்டிப் போட்டால் அக்கா ஜெயித்ததாகிவிடும். இதை அவளிடம் சொல்லவில்லை.

மார்ச் 5

அக்காவும் நானும் நேருக்கு நேர் பேசி வருடக்கணக்காகிறது. சொல்ல வேண்டியதை நாயிடம் சொல்வாள், என் காதில் விழுகிற மாதிரி. இன்று துணி உலர்த்திக்கொண்டே:

“ஏய் மேனேஜர், உங்க ஐயாகிட்ட சொல்லி வை. இன்னொரு தடவ என் வாத்து மேல வாய வெச்சே, நாய் பிடிக்கிற வண்டிக்கு போன் போட்டுருவேன். அப்புறம் அக்கா, தம்பின்னு எவனும் வந்து நிக்கக் கூடாது.”

மேனேஜர் என்று பெயர் வைத்தது நான்தான். எனக்கு வரவேண்டிய நாற்காலியில், என்னிடமே வேலை கற்றுக்கொண்டவன் போய் உட்கார்ந்த வாரம் வந்த குட்டி. ஒரு வேலையும் செய்யாது, எல்லார் இடத்திலும் மூக்கை நுழைக்கும். வேறென்ன பெயர் வைப்பது?

அவள் போன் போடுவாள். வாயால் சொன்னதைச் செய்யாமல் விட்ட ஜென்மம் இல்லை.

மார்ச் 7, வெள்ளி

கோடு வரைந்தாயிற்று. புதரின்மேல் வரையவில்லை. நியாயப்படி எங்கே இருக்க வேண்டுமோ அங்கே — புதருக்கு அந்தப் பக்கம், இரண்டடி தள்ளி. செயற்கைக்கோளுக்காவது உண்மை தெரியட்டும்.

மார்ச் 8

நாசமாய்ப் போக. நாய் கார் கொட்டகையில் தூங்குகிறது, பட்டை பீப் பீப் என்று கத்துகிறது. வரைபடத்தில் மேனேஜர் நடுத்தெருவில் நிற்கிறது. கண்ணெதிரே குறட்டை விடுகிறது!

உதவி எண்ணில் ஒரு பெண். “தகரக் கூரைன்னா சிக்னல் முட்டித் திரும்பும் சார். வீட்டைச் சுத்தி ஒரு பாதுகாப்பு வட்டம் போட்டுருங்க, அதுக்குள்ள பட்டை சத்தம் போடாது. அப்புறம் கோட்டை எப்பவும் மூணு மீட்டர் உள்ள தள்ளி வரையணும் சார்.”

“உள்ள தள்ள முடியாதும்மா.”

“ஏன் சார்?”

இரண்டடிக்காக ஏழு வருடம் பேசாமல் இருக்கிறேன். மூன்று மீட்டரைத் தூக்கிக் கொடுக்கச் சொல்கிறாள்.

மார்ச் 9

வட்டம் போட்டபின் கொட்டகை சரியாகிவிட்டது. இப்போது புதர்ப் பக்கம் எச்சரிக்கை தாமதமாக வருகிறது. இடம் பார்க்கும் இடைவெளியை இரண்டு நொடியாகக் குறைத்தேன். மதியத்துக்குள் பாட்டரி செத்தது. பத்து நொடியாக்கினேன். பத்து நொடியில் இந்த நாய் வாத்தைப் பிடித்து, தின்று, வாயையும் துடைத்துக்கொண்டு வந்துவிடும்.

மார்ச் 11

பட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நானே நடந்து பார்த்தேன். கோடு அக்கா பக்கம் இருப்பதால் புதரைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. ஷாக் அடித்தது. துள்ளிப் பின்வாங்கியதில் எல்லைக்கல் தடுக்கி விழுந்தேன். முழங்கால் வீங்கிவிட்டது.

அவள் பின்கட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். “பாத்தியா மேனேஜர், உன் பட்டைய உங்க ஐயா எடுத்துக்கிட்டார். விடு, அவருக்குத்தான் மொதல்ல வேணும்.”

கொழுப்பு.

மார்ச் 12

போச்சு. வாத்துகளின் தண்ணீர்த் தொட்டி புதரை ஒட்டி, சரியாக அந்த இரண்டடிக்குள் இருக்கிறது. என் கோட்டுக்குள். பட்டை வாயே திறக்கவில்லை — ஏன் திறக்கும்? நான் வரைந்தபடி அது என் இடமாயிற்றே. நாய் ஒரு வாத்தின் இறக்கையைக் கவ்விவிட்டது. வாத்து பிழைத்துக்கொள்ளும் என்கிறாள் மனைவி.

அக்கா கத்தவில்லை. வாத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு புதரோரம் வந்து நின்றாள். “இதான் கடைசி, மேனேஜர்.” அவ்வளவுதான். அவள் கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

மார்ச் 13

உள்ளே தள்ளி வரைந்தேன். மூன்று மீட்டர்.

மார்ச் 16, ஞாயிறு

வேலை செய்கிறது. ஐந்து நொடி இடைவெளி, மாலைவரை பாட்டரி நிற்கிறது. பீப் கேட்டதும் நாய் திரும்பிவிடுகிறது. நான்கு நாளாக ஒரு புகாரும் இல்லை. என்னைக் கேலி செய்தவர்கள் எல்லாரும் வந்து பார்க்கலாம்.

மார்ச் 20

மேனேஜர் இப்போது புதர்ப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. அக்கா தொட்டிக்கு மேல் தனியாக நின்று கம்பிவலை கட்டினாள். ஏணி ஆடிற்று. சொல்லலாம் என்று பார்த்தேன், சொல்ல ஆள் இல்லை. நாய் கொட்டகையில் கிடக்கிறது.

மார்ச் 22

“உங்க அக்கா குரலையே காணோமே, உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்றாள் மனைவி.

எனக்கென்ன தெரியும்? துணி உலர்த்துகிறாள், உள்ளே போகிறாள். நிம்மதி என்றல்லவா இருக்க வேண்டும்? இல்லை. அந்த வீட்டில் தனியாக இருப்பவள், மேனேஜரை விட்டால் வேறு யாரிடம் பேசுவாள்?

மார்ச் 23, ஞாயிறு

உட்கார்ந்து மறுபடி வரைந்தேன். இந்த முறை கல்லோடு கல்லாக, புதரின்மேலேயே. ஷாக்கை அணைத்தாயிற்று, பீப் மட்டும். வாத்துகளுக்குத்தான் வலை இருக்கிறதே.

மார்ச் 24

காலையில் மேனேஜர் கொட்டகையை விட்டு வர மாட்டேன் என்றது. பிஸ்கட்டைக் காட்டிக் காட்டிப் புதர்வரை கூட்டிப்போனேன். அக்கா துணியை உதறிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. துணியைக் கொடியில் போட்டபடியே:

“என்ன மேனேஜர், லீவெல்லாம் முடிஞ்சுதா? உங்க ஐயாவுக்கு முழங்கால் எப்படி இருக்குன்னு கேளு.”

நாய் வாலை ஆட்டியது. பட்டை பீப் என்றது.

“இன்னும் லேசா வலிக்குதாம்னு சொல்லுடா,” என்றேன், நாயிடம்.