சரிங்க என்றால் முடியும் என்று அர்த்தமில்லை

இன்று காலை பள்ளி மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்து ஸ்டெல்லா காலுக்கு வலி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கார வாசனை மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது சார். உங்கள் சட்டைப் பையிலேயே குடியிருந்த வாசனை அது.

மாரமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வரும் அந்தப் பெண்ணுக்கு நாம் இருவரும் பயிற்சியாளர்களாக இருந்தோம். வார நாளெல்லாம் ஏற்காட்டில் நான் மேட்டில் ஓடவிடுவேன். சனி, ஞாயிறு சேலத்தில் நீங்கள் வேகம் பழக்குவீர்கள். நான் பிழிந்தது உங்களுக்குத் தெரியாது, நீங்கள் பிழிந்தது எனக்குத் தெரியாது. யார் என்ன சொன்னாலும் அவள் "சரிங்க" என்பாள். கடைசியில் முழங்காலுக்குக் கீழே வீங்கிப்போய், இப்படியே ஓடினால் எலும்பில் விரிசல் விழுந்துவிடும் என்றார் டாக்டர். ஓடியது போதும் என்று அவள் அப்பாவும் சொல்லிவிட்டார்.

உங்களிடம் சண்டை போடத்தான் போனை எடுத்தேன். நீங்கள் முந்திக்கொண்டீர்கள். "ஏனுங்க டீச்சர், புள்ள சரின்னாளா, முடியும்னாளா? ரெண்டும் ஒண்ணுன்னு நாம நெனச்சுட்டமுங்க."

அதற்குப் பிறகு எனக்கு என்ன கோபம் வரும்? வளைவுக்கு வளைவு வாந்தி எடுக்கிற மனிதர் நீங்கள், பஸ் ஏறி மலைக்கு வந்து, அவள் அப்பாவிடம் இன்னொரு வாய்ப்புக் கேட்டீர்கள். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் நமக்குள் ஒரு போன். வெள்ளியன்று நான் மேட்டில் ஓடவிட்டால் சனியன்று உங்களிடம் அவளுக்கு ஓய்வு. அதிலும் எத்தனை வாக்குவாதம்! ஆனால் அவள் கால் தேறியது.

நீங்கள் கண்ணை மூடியபின் சேலத்தில் புது சார். ஜிம்மில் இன்னொருவர். மூன்று பேருக்கு நடுவே மறுபடி அவள் கால் போய்விடுமோ என்று பயந்துகொண்டிருந்தேன்.

இன்று மலைக்கு வந்திருந்த புது சார், மேட்டில் ஓடச் சொன்னார். நேற்றுதான் ஜிம்மில் அவளை வாட்டியிருந்தார்கள்.

"சரிங்க சார்" என்றாள். எனக்குத் திக்கென்றது. எழுந்து நின்று அவளே தொடர்ந்தாள்: "நீங்க சொன்னது புரிஞ்சுதுங்க. ஆனா இன்னிக்கு முடியாதுங்க. கால் நொம்ப வலிக்குதுங்க."

 அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்ப என்ன முடியும் கண்ணு?" என்று கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

'சரியா, முடியுமா' என்ற உங்கள் கேள்வியை எல்லாப் பிள்ளைகளிடமும் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இவளிடம் மட்டும் இனிக் கேட்க வேண்டியதில்லை சார்.