வேலியைத் தாண்டிய குழாய்

அக்கா,

சைக்கிள் பம்ப்பைக் கையில் எடுத்ததும் நல்லெண்ணெய் வாசம் வந்தது. உள்ளே இருக்கும் தோல் வாஷர் காய்ந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு மே மாதமும் நீங்கள் விட்ட எண்ணெய். சைக்கிளே இல்லாத வீட்டில் சைக்கிள் பம்ப் எதற்கு என்று நான் கேலி செய்யாத வருடம் இல்லை. போன வாரம் உங்கள் மகன் அதை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். "ஆன்டி, வீடு வித்தாச்சு. புது ஆக்கள் வரமுதல் அந்தக் குழாயைக் கழட்டிவிடுங்கோ, ப்ளீஸ்" என்றான். அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்பில் எதையாவது வைத்துவிட்டுப் பின்கதவைத் திறந்து வேலியைப் பார்க்கிறேன். மூடுகிறேன். மறுபடி திறக்கிறேன்.

தொண்ணூற்று மூன்றில் இந்தத் தென்கோடி நாட்டுக்கு வந்து நாங்கள் பாபடோயிட்டோயில் குடியேறியபோது நம் இரண்டு வீடுகளும் முதுகோடு முதுகு ஒட்டி நின்றன. நடுவில் ஆளுயரப் பலகை வேலி. உங்கள் பின்சுவரில் தண்ணீர் டாப் இருந்தது, எங்கள் பின்பக்கத்தில் இல்லை. நான் வாளியில் தண்ணீர் சுமந்து மல்லிகைக்கு ஊற்றுவதை எட்டிப் பார்த்தீர்கள். அடுத்த சனிக்கிழமையே கருப்புச் சொட்டுநீர்க் குழாய் ஒன்று உங்கள் செவ்வரத்தையைச் சுற்றி, வேலிப் பலகையின் ஓட்டை வழியாக என் மல்லிகை வரை வந்துவிட்டது. "தண்ணி என்ர, பூ பாதிப் பாதி" என்றீர்கள். உங்கள் சாமிக்கு என் மல்லிகை, என் சாமிக்கு உங்கள் செவ்வரத்தை. அதை நான் செம்பருத்தி என்றால் உங்களுக்குக் காதே கேட்காது.

முதல் குளிர்காலத்தில் குழாயை அப்படியே விட்டுவிட்டோம். ஒரு காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்தது. உள்ளே நின்ற தண்ணீரும் உறைந்து, டாப்போடு சேரும் இணைப்பு வெடித்திருந்தது. "ஊரில தண்ணியில்லாமல் கஷ்டம், இங்க தண்ணி நிண்டாலும் கஷ்டமோ?" என்று உடைந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு சண்டைக்கு நின்றீர்கள், யாரோடு என்றுதான் தெரியவில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு மே மாதமும், இங்கே குளிர் தொடங்குமுன்பே, குழாயைக் காலி செய்யப் பழகினோம். டாப்பை மூடி, குழாயைக் கழற்றி, உங்கள் முனையிலிருந்து காற்றை ஊத வேண்டும். என் முனையில் தண்ணீர் முழுதும் வெளியேறியதும் நான் மூடியைப் போட வேண்டும். முதல் தடவை நான்தான் உங்கள் பக்கம் வந்து, குழாயை வாயில் வைத்து ஊதப் போனேன். பாய்ந்து வந்து பிடுங்கினீர்களே!

"உமக்கென்ன விசரே? எச்சில் பட்ட குழாயில குடிச்ச பூவையோ சாமிக்கு வைக்கிறது?"

"அக்கா, ஆறு மாசம் கழிச்சுத்தான் பூக்கும். அதுக்குள்ள எச்சில் காஞ்சுடாதா?"

"எச்சில் எச்சில்தான்."

மறுநாள் ஒனிஹங்காவில் ஒரு பழைய சாமான் கடையிலிருந்து இந்தப் பம்ப்போடு வந்தீர்கள். பம்ப்பின் முனையைக் குழாய்க்குள் செருகி, பழந்துணியைச் சுற்றி, அந்தப் பக்கம் நீங்கள் மூச்சு வாங்க அடிக்க, இந்தப் பக்கம் நான் குந்தியிருப்பேன். "வருதோ?" என்பீர்கள். "இன்னும் வரலக்கா." "இப்ப?" "வருது, வருது!" "வடிவாப் பாரும்!" நாம் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும். ஒருவரை ஒருவர் பார்க்காமலேயே இப்படி ஒவ்வொரு வருடமும் செய்தோம்.

போன மே மாதத்திற்குள் நோய் உங்கள் நுரையீரலைத் தின்றுவிட்டிருந்தது. நான் நர்ஸ். ரிப்போர்ட்டைப் பார்த்த எனக்கு எதுவும் மறைவில்லை. ஆனாலும் அந்தச் சனிக்கிழமை வேலிக்கு அப்பால் உங்கள் குரல் வந்தது. பம்ப்பை அழுத்தக் கையில் பலமில்லை என்று சத்தத்திலேயே தெரிந்தது. தெருவைச் சுற்றிக்கொண்டு நான் வருகிறேன் என்றேன். "நீர் அங்கயே நில்லும்" என்றீர்கள். அப்புறம் பம்ப் சத்தம் நின்றது. இருமல். அதற்கும் அப்புறம், வேறொரு சத்தம்.

"அக்கா, வாயாலயா ஊதுறீங்க? எச்சில்!"

"சாமிக்கு நான் சொல்லிக்கொள்ளுறன். வருதோ?"

வந்தது. முதலில் சொட்டாக, பிறகு சின்ன ஊற்றாக. உங்களால் ஒரு மாடிப்படி ஏற முடியாத நாள் அது. "வந்துடுச்சுக்கா" என்றேன். "அப்ப மூடும், மூடும்!" என்றீர்கள். மூடினேன்.

குளிர் முடியும்வரை நீங்கள் இருக்கவில்லை.

செப்டம்பரில் உங்கள் மகன் டாப்பைத் திறந்தான். நான் மல்லிகையருகே நின்றிருந்தேன். தண்ணீர் வருவதற்கு முன், ஒவ்வொரு சொட்டுத் துளையிலும் 'உஸ்' என்று காற்று வந்தது. நீங்கள் ஊதியது அந்தத் துளைகள் வழியே எப்போதோ போயிருக்கும், எனக்குத் தெரியும். தெரிந்தும், உங்கள் மூச்சு கையில் படாதா என்று குனிந்து கையை நீட்டினேன். அதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. அந்த ஒரு நிமிடத் தாமதத்துக்காக இன்னும் என் மேலேயே எனக்குக் கோபம்.

இன்றைக்கு மதியம் கத்தியை எடுத்துக்கொண்டு போனேன். "அந்தப் பக்கம் நான் போய் நிக்கட்டுமா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். வேண்டாம் என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவர் என்ன செய்தார்? உங்கள் பக்கம் போய் அங்கிருந்த குழாயை வேலிவரை சுருட்டி வைத்துவிட்டு, என் பக்கம் வந்து வேலி ஓட்டையருகே அறுத்தேன். எங்கள் பின்சுவரில் டாப் வைக்க அடுத்த மாதம் ஆள் வருகிறார். மல்லிகை பிழைத்துக்கொள்ளும். எனக்குத்தான் மனம் ஆறவில்லை.

மிச்சமிருந்த குழாயின் இரண்டு முனைகளும் இப்போது என் பக்கம். யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. பம்ப்பைச் செருகி இரண்டு முறை அடித்தேன். பிறகு அதை எடுத்துப் புல்லில் வைத்துவிட்டு, மண்டியிட்டு, வெட்டிய முனையில் வாயை வைத்து ஊதினேன், நெஞ்சு வலிக்கும்வரை. மறுமுனையில் மண் நனைந்தது. வேலியைப் பார்த்து "வந்துடுச்சுக்கா" என்றேன், நாய் குரைக்கும்படி.

மூடியும் போட்டுவிட்டேன். இந்த வருடம் சாமிக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.