கியர் இல்லாத வண்டிக்கு ஒரு கியர்பாக்ஸ்

என் அமுதா டீச்சருக்கு,

ஊரே உன்னை டீச்சர் என்று கூப்பிட்டதால் கட்டிய புருஷன் நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். உங்கள் ஸ்கூல் ஆண்டு மலருக்கு உன்னைப் பற்றி எழுதித் தரச் சொல்லிப் பெரிய டீச்சர் ஆள் அனுப்பியிருந்தார்கள். உன்னைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன். பிழை இருந்தால் சிரித்துக்கொள். படிக்கிறவர்களும் பொறுத்துக்கொள்ளட்டும்.

நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. நம்ம ஊர் உறுவையாற்றில் கரும்பு வெட்டி முடிந்து, கட்டையில் துளிர்த்த மறுபயிர் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், மாத்திரையும் போட்டுக்கொள்கிறேன். அதில் ஒன்றும் குறை வைக்கவில்லை. ஆனால் ஒரு தப்பை உன்னிடம் ஒத்துக்கொள்ள வேண்டும். உன் வண்டியை நான்தான் கெடுத்தேன்.

உனக்குத் தெரிந்த கதைதான், மலரைப் படிக்கிற பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். சின்ன வயசில் போலியோ வந்து உன் இடது கால் சூம்பிப்போனது. கிளட்ச் மிதிக்க வராது. அதனால் ஆட்டோமேட்டிக் கார் என்றால் என்னவென்று வில்லியனூரில் பாதிப் பேருக்குத் தெரியாத காலத்திலேயே, ஒரு சின்ன வெள்ளைக் காரைத் தேடிப்பிடித்து வாங்கினாய். ஊர் அதற்கு 'கியர் இல்லாத வண்டி' என்று பேர் வைத்தது. நானும் அப்படித்தான் சொன்னேன். இத்தனை வருஷம் சொல்லிச் சொல்லி, நிஜமாகவே அதில் கியர் இல்லை என்று நம்பியும்விட்டேன்.

கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போகும்போதுகூட நீதான் ஓட்டினாய். நான் பக்கத்தில் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "ரெண்டு நாள்ல வந்துடலாம் மாமா. வண்டி இங்கயே நிக்கட்டும்" என்று மதில் ஓரமாக நிறுத்தினாய். ரெண்டு நாள் நாற்பது நாளானது. பேசுவதற்கே மூச்சு வாங்கிய ஒரு சாயங்காலம், "வண்டிய ஜெயமேரிக்குக் குடுத்துடு மாமா. பழசுன்னு தூக்கிப் போட்டுடாத" என்றாய். சரி என்று உன் கையைப் பிடித்துச் சொன்னேன். நீ என்னிடம் கடைசியாகக் கேட்டது அது ஒன்றுதான்.

ஜெயமேரியை நீ ஏன் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். உனக்கு அடுத்த வகுப்பு டீச்சர். ஒதியம்பட்டிலிருந்து பாகூர் பக்கம் உங்கள் ஸ்கூலுக்கு உன்னோடுதான் வந்து போய்க்கொண்டிருந்தாள். விபத்தில் இடது முட்டி மடங்காமல் போனவள். லைசென்சுக்கு ஓட்டிக் காட்டியதும் உன் வண்டியில்தான். நீ போனதும் அவள் ரெண்டு பஸ் மாறி, ஊன்றுகோலோடு நடந்து போக வேண்டியதாயிற்று.

உன் கருமாதி முடிந்த மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வண்டியை எடுக்கப் போனேன். சாவியைத் திருப்பினால் ஒரு சத்தமும் இல்லை. வேறு ஆளாக இருந்தால் மெக்கானிக்குக்குப் போன் பண்ணியிருப்பான். நான் டிராக்டர்க்காரன் ஆயிற்றே! கரும்பு லோடு கட்டுகிற கயிற்றால் வண்டியை டிராக்டரின் பின்னால் கட்டினேன். உன் தம்பி குமார் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான். நியூட்ரலில் போட்டாயிற்று, கியர் இல்லாத வண்டியில் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

பாதி வழியில் குமார் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினான். "மாமா, இன்னாவோ தீயிற வாசன வருது!"

"எவனோ சோகை கொளுத்துறான்டா. கண்ணாடிய ஏத்திக்க" என்றேன்.

கரும்பு வெட்டிய நிலங்களில் காய்ந்த இலைச் சோகையைக் கொளுத்துகிற மாதம்தான் அது. புகை வாசனை வராத நாளே கிடையாது. ஆனால் அன்றைக்குத் தீய்ந்தது உன் வண்டி, அமுதா.

வில்லியனூர் மெக்கானிக் பாபு வீட்டுக்கு வந்து வேறு பேட்டரி வைத்ததும் இன்ஜின் உடனே கிளம்பியது. ஆனால் லிவரை எதில் போட்டாலும் வண்டி உறுமுகிறதே தவிர, நகரவில்லை. ஆயில் பார்க்கிற கம்பியை உருவி மோந்து பார்த்தான்.

"செவப்பா இருக்கணும்ணே. டிகாஷனாட்டம் இருக்குது. எப்படி எடுத்தாந்தே?"

"டிராக்டர்ல கட்டி இழுத்தாந்தேன்பா."

"டயரு தரையிலயா?"

தலையை ஆட்டினேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டான்.

"கியர் இல்லாத வண்டின்னு உனுக்கு யாரு சொன்னது? அது தானா கியர் மாத்திக்கிற வண்டிண்ணே. இன்ஜின் ஓடுனாதான் பாக்ஸுக்குள்ள ஆயிலு சுத்தும். ஆஃப்ல போட்டு இழுத்தா உள்ள காய்ஞ்சு எல்லாம் தேஞ்சிடும். டிராக்டர் பேட்டரிலேர்ந்து ஒரு ஒயரு குடுத்திருந்தா அதுவா ஓடியாந்திருக்கும்."

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ பதினெட்டு வருஷம் ஒற்றைக் காலால் பத்திரமாக ஓட்டிய வண்டியை, ரெண்டு காலும் நன்றாக இருக்கிற நான் ஒரே மத்தியானத்தில் கொன்றுவிட்டேன்.

அப்புறம் நான் அலைந்த அலைச்சலைக் கேள். கம்பெனி ஷோரூமில் பெண்பிள்ளை கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அந்த மாடலுக்கு இப்ப பார்ட்ஸ் வர்றதில்ல சார்" என்றாள். பழைய சாமான் கிடைக்கும் என்று மெட்ராஸ் புதுப்பேட்டைக்குப் போனேன். அங்கே, "ஆட்டோ கியர்பாக்ஸ் இருக்குமா?" என்று கேட்டுத் தொலைத்தேன். சந்து சந்தாக அனுப்பி, கடைசியில் ஒரு கடைக்காரன் மூணு சக்கர ஆட்டோவின் கியர்பாக்ஸைத் தூக்கிவந்து காட்டினான். நீ பக்கத்தில் இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். ஆட்டோமேட்டிக் என்று விளக்கிச் சொன்ன பிறகு கிடைத்த ரெண்டும் வேறு மாடல். வெறுங்கையோடு பஸ் ஏறினேன்.

இதற்கு நடுவில் ஜெயமேரியிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். பேர் மாற்றணும், பேப்பர் வேலை இருக்கிறது, அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று. உண்மையைச் சொல்ல வெட்கம். இவ்வளவு பெரிய டிராக்டர்க்காரனுக்கு இது தெரியாமல் போனதே என்று அவள் நினைத்துவிட்டால்?

ஒரு நாள் காலையில் வில்லியனூர் பஸ் ஸ்டாப்பில் அவளைப் பார்த்தேன். பஸ் தள்ளிப் போய் நின்றது. எல்லாரும் ஓடினார்கள். இவள் கோலை ஊன்றி ஊன்றிக் கிட்டே போவதற்குள் அது கிளம்பிவிட்டது. நான் நிற்பதைப் பார்த்து அவளே வந்தாள்.

"அண்ணா, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க. வண்டியக் குடுக்க மனசு வரலைன்னா பரவால்லண்ணா. அக்கா ஓட்டுன வண்டி, எனக்குப் புரியுது. குடுக்க மாட்டேன்னு சொல்லிடுங்க. நான் வூட்டுக்குக் கிட்டவா டிரான்ஸ்பர் எழுதிக் குடுத்துடறேன். அந்தப் பிள்ளைங்கள விட்டுட்டுப் போகத்தான் மனசு இல்ல."

 அப்படியில்லை என்று வாய் திறந்தவன் நின்றுவிட்டேன். உண்மையிலேயே அப்படி இல்லையா? வீட்டுக் கொட்டகையில் வண்டி நிற்கிறவரை, காலையில் பார்க்கும்போது நீ இன்னும் ஸ்கூலுக்குக் கிளம்பவில்லை என்று ஒரு நிமிஷம் தோன்றும். அந்த ஒரு நிமிஷத்துக்காக நான் மெதுவாகத்தான் தேடினேனோ? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை, அமுதா. உனக்குத் தெரிந்திருக்கும்.

அங்கேயே, பஸ் ஸ்டாப்பிலேயே, டிராக்டர் கதை முழுவதையும் அவளிடம் கொட்டினேன். கேட்டவள் சிரித்தாள், உடனே கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

"அக்கா இருந்தா உங்கள இன்னா வாங்கு வாங்கியிருப்பாங்க! ஏண்ணா, மொதல்லயே சொல்லக் கூடாதா? காட்டேரிக்குப்பத்துல எங்க பெரியப்பா வூட்டாண்ட இதே வண்டி நசுங்கிக் கெடக்குது. புயல்ல மரம் வுழுந்துடுச்சு."

எட்டு மாதம்! ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு எட்டு மாதம் எங்கெங்கோ அலைந்தவனுக்கு, அவளிடம் வாயைத் திறந்த அஞ்சாவது நிமிஷம் வழி கிடைத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாபுவைக் கூட்டிக்கொண்டு போனேன். கூரை நசுங்கி, உள்ளே கோழி முட்டையிட்டுக் கிடந்தது அந்த வண்டி. "எடுத்துக்கோங்க. கோழிய மட்டும் தொரத்தாதீங்க" என்றார் அந்த வீட்டு அம்மா. பாபு அடியில் படுத்து, கியர்பாக்ஸ் திருகைக் கழற்றி விரலை விட்டு எடுத்தான். விரல் நுனியில் ஆயில் சிவப்பாக இருந்தது. நான் கோழிக் கூடை பக்கம் திரும்பி நின்று அழுதேன்.

கியர்பாக்ஸையும் சக்கரத்துக்குப் போகிற ரெண்டு ஆக்ஸிலையும் கழற்றி, டிராக்டர் டிப்பரில் வைக்கோல் பரப்பி அதன் மேல் வைத்துக் கொண்டுவந்தேன். பள்ளம் வந்தால் இறங்கிப் பார்த்துவிட்டு ஓட்டினேன். பொருத்தி முடிக்கப் பாபுவுக்கு ரெண்டு வாரம் ஆனது. லிவரை இழுத்ததும் உன் வண்டி ஒரு சின்ன உதறலோடு நகர்ந்தது. பாபு விசிலடித்தான். எனக்குத்தான் விசில் வரவில்லை.

போன திங்கட்கிழமை காலையில் நானே ஒதியம்பட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். டயருக்கு நான் எலுமிச்சம்பழம் வைத்தேன். ஜெயமேரி சிலுவை போட்டுக்கொண்டாள்.

நீ குள்ளம் இல்லையா, சீட்டைக் கடைசிவரை முன்னால் இழுத்துப்போட்டுத்தான் ஓட்டுவாய். சீட்டை மட்டும் தொடாதே என்று பாபுவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். நானும் தொடவில்லை. முட்டி ஸ்டியரிங்கில் இடிக்க இடிக்கத்தான் ஓட்டி வந்தேன். ஜெயமேரி நெட்டை, அதோடு மடங்காத கால். உட்காரப் பார்த்தாள், கால் உள்ளே போகவில்லை. சாதாரணமாக, யாரும் செய்கிற மாதிரி, சீட்டுக்கு அடியில் கை விட்டுக் கம்பியைத் தூக்கினாள். சீட்டு சர்ரென்று பின்னால் போய் டக்கென்று நின்றது.

அமுதா, டாக்டர் வெளியே வந்து கையை விரித்தபோது எனக்கு உறைக்கவில்லை. உனக்குக் கொள்ளி வைத்தபோதுகூட முழுசாக உறைக்கவில்லை. அந்தச் சத்தத்தில் உறைத்தது. நீ இனிமேல் வரமாட்டாய்.

"இன்னாண்ணா, ஒரு மாதிரி ஆயிட்டீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. மணி ஆவுது, கெளம்பு. பிள்ளைங்க காத்துக்கினு இருக்கும்."

அவள் போனாள். பிரேக்கை அதிகம் மிதிக்காமல், நன்றாகவே ஓட்டினாள். திருப்பத்தில் வண்டி மறைகிறவரை பார்த்துவிட்டு, உறுவையாறு வரை நடந்தே வந்தேன். கொட்டகை காலியாக இருந்தது.

உனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றப் பத்து மாதம் எடுத்துக்கொண்டேன், மன்னித்துக்கொள். இன்னொரு வாக்கும் கொடுக்கிறேன். ஆயில் மாற்ற வண்டி பாபு கடைக்கு வருகிறபோதெல்லாம் நானும் போய் நிற்பேன். கம்பியை உருவி நிறம் பார்ப்பேன். டயரைத் தட்டிப் பார்ப்பேன். சீட்டை மட்டும் முன்னால் இழுத்துப் பார்க்க மாட்டேன். ஜெயமேரி உட்காருகிற இடத்திலேயே அது இருக்கட்டும்.

உன் அத்தை மகன், உன் வீட்டுக்காரன்,
ஏழுமலை